ரெட் டாட்டை எங்கே பூட்டுவது

என் மனைவி இறந்த பிறகு அவள் தம்பி என்னை மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். நானும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் இடையில் என் மகள் இருந்தால்தான் எங்களுக்குள் பேச்சு நடக்கும். "ஒங்கப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு ஆத்தா" என்பான் அவளிடம். நான் கை எட்டும் தூரத்தில்தான் இருப்பேன்.

அவன் கோபத்துக்குக் காரணம் ஒன்றுதான். அவளுக்கு நெஞ்சு வலி வந்த அன்று நான் புதுக்கோட்டையிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். நேராகத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்பது அவன் கட்சி. திருச்சி போய்ச் சேரும்வரை அவள் தாங்கியிருக்க மாட்டாள் என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதை அவன் காதில் வாங்கவில்லை. காரியத்துக்கு வந்த சனத்தின் நடுவே, "எங்கக்காவைக் கொன்னுட்டு ஒக்காந்திருக்காரு பாருங்க" என்று சொன்னான். அதை நானும் மறக்கவில்லை.

நான் மாவட்ட ஆயுதப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்குமேல் துப்பாக்கிகளைத் துடைத்து, சரிபார்த்து, வரிசையில் அடுக்கும் அறையிலேயே கழிந்தது. அவன் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். ஊர் திரும்பியபின் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் தன் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கி விஷயத்தில் அவன் சொல்வதுதான் சரி என்று அவனும், நான் சொல்வதுதான் சரி என்று நானும், என் மனைவி உயிரோடு இருந்த காலத்திலேயே வாதாடுவோம். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. அவள் இரண்டு பேரையும் பார்த்து, சாப்பாடு ஆறுகிறது என்று சொன்னால் முடிந்துவிடும்.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நகராது. அவன் சீர் கொண்டுவந்து மாலை போட்டால்தான் பெண் மணவறைக்கு வருவாள். மகள் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவள், சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்பவள். "எனக்கு அம்மா இல்ல. நீங்களும் மாமாவும் மண்டபத்துல ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறதா இருந்தா இந்தக் கல்யாணமே வேணாம்ப்பா" என்றாள்.

எங்களைச் சேர்த்துவைக்க அவள் கண்டுபிடித்த வழி ஓர் ஏர்கன். கோயம்புத்தூரில் அலுவலகத் தோழிகளோடு துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போய்ப் பழகியிருந்தாள். லைசென்ஸ் தேவைப்படாத ரகம், குழலை மடக்கிக் காற்றை ஏற்றும் சாதாரணத் துப்பாக்கி. கூடவே ஒரு ரெட் டாட்டும் வாங்கிவந்தாள். அது கட்டைவிரல் பருமனில் சின்னக் குழாய் மாதிரி ஒரு கருவி. பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே சுட வேண்டியதுதான், துப்பாக்கியின் முன்னும் பின்னும் இருக்கும் குறிமுள்ளைச் சேர்த்துப் பார்க்கும் வேலை இல்லை. என்னுடைய பணிக்காலத்தில் இது கிடையாது. அவனும் இதைப் பார்த்ததில்லை. அதனால்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் புதிதாகக் கற்றுக்கொள்வார்கள், பேச்சு வரும் என்று நினைத்திருக்கிறாள்.

அவன் வீட்டுக்குப் பின்னால் தைலமரக் காடு. அதன் ஓரத்தில் பழைய மண்மேடு ஒன்று இருந்தது. மேட்டுக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு மரத்தில் அட்டையை மாட்டினோம். ஆனி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்துவிடும் மகளும் காலையிலேயே புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்பி அவன் வீட்டுக்குப் போவோம். அவன் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிட்டு இட்லி வைப்பாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

முதல் ஞாயிறே சண்டை வந்தது, அந்த ரெட் டாட்டை எங்கே பூட்டுவது என்று.

குழல் மடங்குகிற துப்பாக்கி என்பதால் குழலின்மேல் பூட்ட முடியாது. பின்பக்க உடம்பின்மேல் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் முன்னால் தள்ளிப் பூட்டலாம், பின்னால் கண்ணுக்குப் பக்கத்தில் பூட்டலாம். நான் பின்னால்தான் என்றேன். ஏர்கன்னுக்குள் இருக்கும் ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலில் மேலே பூட்டிய கருவி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் காடியின் பின்முனையில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். கருவியின் அடியில் இருக்கும் ஊசி அந்தத் துளையில் உட்கார்ந்தால் அசையாது. துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூட்ட வேண்டும், இதில் விவாதமே இல்லை என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னான். "முன்னாடிதான் வைக்கணும் ஆத்தா. கண்ணுகிட்ட வச்சா குழாயி அம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சு மறைக்கும். தள்ளி வச்சாச் சுத்திலும் தெரியும். ஒங்கப்பா ரூமுக்குள்ள துப்பாக்கியைத் தொடச்சவரு. வெளியில வச்சுச் சுட்டவரில்ல."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டெலஸ்கோப் மாதிரி இதற்குக் கண்ணிலிருந்து இவ்வளவு தூரம் என்ற கணக்கு இல்லை. முன்னால் தள்ளினால் பார்வைக்கு மறைப்பு குறையும். இதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும் நிலையில் அவன் என்னை வைக்கவில்லை.

மகள் நடுவில் புகுந்து, இந்த வாரம் அப்பா சொன்னபடி, அடுத்த வாரம் மாமா சொன்னபடி என்று முடிவு செய்தாள். நான் பின்னால் பூட்டி, துளையில் ஊசியை இறக்கி, திருகை இறுக்கினேன். அட்டையின் நடுவில் விழும்வரை சுட்டுச் சுட்டுப் புள்ளியைச் சரிசெய்தேன். நான் சுட்டபோது ரவைகள் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அவன் சுட்டபோது அட்டை முழுக்கச் சிதறின. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவனுக்கு உறைத்திருக்கும்.

அடுத்த ஞாயிறு போனபோது கருவி காடியின் முன்முனையில் இருந்தது. முன்னால் நகர்த்தியது போதாதென்று அடியில் ஓர் உயரக் கட்டையும் வைத்திருந்தான். எங்கேயோ கடையில் தேடி வாங்கியிருக்கிறான். குழாய் துப்பாக்கியின் உடம்பிலிருந்து எழும்பி, ஒட்டகத்தின் தலை மாதிரி நின்றது. கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புள்ளியே தெரியவில்லை. தலையைத் தூக்கித் தாடையை மேலே வைத்தால்தான் தெரிந்தது. துப்பாக்கியைப் பிடிக்கும் முறையே அது இல்லை.

நான் அவிழ்த்துப் பின்னால் பூட்டினேன். நகர்த்தினால் குறி மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். நான் சரிசெய்து வைத்துவிட்டு வருவேன். அடுத்த வாரத்துக்குள் அவன் கழற்றி முன்னால், மேலே கொண்டுபோய் வைத்திருப்பான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் நடந்தது. திருகின் தலை தேய ஆரம்பித்தது. மகளுக்கு முகம் சுருங்கிப்போனது. திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் மகள் பார்க்க வேண்டும் என்பதற்காக, நானே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவன் வலது பக்கத்தில், துப்பாக்கி வைக்கும் பலகைமேல் வைத்தேன். அவன் திரும்பியபோது புறங்கை பட்டு டம்ளர் உருண்டது. அவன் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் வைத்த தண்ணீரைத் தட்டிவிட்டான் என்றே நினைத்தேன். நான் காட்டுப் பக்கமாக நடந்து வந்து அவன் வலப்பக்கம் நின்றாலும் கண்டுகொள்ள மாட்டான். அதையும் திமிர் என்றே கணக்கில் வைத்துக்கொண்டேன். ஒருவனை வெறுக்க ஆரம்பித்துவிட்டால் அவன் செய்கிற எதற்கும் வேறு காரணம் தேடத் தோன்றாது.

ஆடி பிறந்து காற்று கிளம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் அவன் மனைவியும் ஜாக்கெட் துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். தைலமர இலைகள் எங்கள்மேல் கொட்டிக்கொண்டிருந்தன. நானும் அவனும் மட்டும் வெளியே இருந்தோம். அன்றும் ரெட் டாட் முன்முனையில், உயரத்தில் நின்றது. அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. இதை இன்றோடு முடிக்க வேண்டும், அவன் ஒன்றும் தெரியாதவன் என்பதை அவனே ஒப்புக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மகள் சுடும் கூடத்தில் கற்றுக்கொண்ட ஒரு வித்தையை எனக்குக் காட்டியிருந்தாள். ரெட் டாட்டின் முன்பக்கக் கண்ணாடியைக் கறுப்பு டேப்பால் முழுக்க மூடிவிட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால், குழாய்க்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்குப் புள்ளி மட்டும் தெரியும், மற்றக் கண்ணுக்கு அட்டை தெரியும். மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். அட்டைமேல் புள்ளி இருப்பது போலவே தெரியும். குழாய் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் மறைக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முன்னால் வைத்தால்தான் சுற்றிலும் தெரியும் என்ற அவன் பேச்சு அடிபட்டுப்போகும்.

என் மனைவி போனபின் முதல்முறையாக நேரே அவனிடம் பேசினேன். கறுப்பு டேப்பை ஒட்டிக் காட்டி, இப்படியே சுடுகிறேன், பார் என்றேன். தாடையைத் தூக்கி வைத்து, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சுட்டேன். நடுவில் இல்லாவிட்டாலும் அட்டையில் கறுப்பு வட்டத்துக்குள் பட்டது. குறியை ஏற்கனவே பார்த்து மனதில் வைத்துக்கொண்டு நான் சுடுவதாகச் சொன்னான் அவன். அட்டையை மரத்திலிருந்து பிடுங்கி ஒரு மூட்டைமேல் குத்திவிட்டு வந்து மறுபடி சுட்டேன். அதுவும் பட்டது.

துப்பாக்கியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். வலது தோளில் வைத்தான். தலையை அப்படியே வலப்பக்கம் சாய்த்து, தாடையைக் கட்டைக்கு மேலே ஏற்றி, முகத்தைக் குறுக்கே கொண்டுபோனான். இத்தனை வாரம் நான் அட்டையையும் கருவியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றுதான் பார்த்தேன். வலது தோளில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு அவன் இடது கண்ணைக் கொண்டுவந்தான்.

வெகுநேரம் சுடவில்லை. காற்றில் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அட்டை தெரியுதா?" என்றேன்.

"டேப்பை ஒட்டி வச்சா எப்படித் தெரியும்? கறுப்பாத்தான் இருக்கு. புள்ளி மட்டுந்தான் தெரியுது."

"இன்னொரு கண்ணு தொறந்துதான இருக்கு."

அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிப் பலகைமேல் வைத்தான். வைக்கும்போது கை பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தது. அப்போது எனக்கு எல்லாம் புரிந்தது. உருண்ட டம்ளர், நான் வலப்பக்கத்திலிருந்து வந்தால் திரும்பாத தலை, முன்னால் தள்ளி உயரத்தில் நிற்கும் குழாய். இடது கண்ணை அவ்வளவு தூரம் குறுக்கே கொண்டுவர வேண்டுமானால் குழாய் பக்கத்தில் இருக்கக் கூடாது, தாழ்வாகவும் இருக்கக் கூடாது. அவனுக்கு அது வீம்பு இல்லை. அதைத் தவிர வேறு இடத்தில் வைத்தால் அவனால் சுட முடியாது.

என் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. மாட்டினாயா என்ற சந்தோஷம்தான். அது அடங்குவதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அவன் வேனில் பிள்ளைகள் ஏறுவார்கள்.

"வலது கண்ணு எப்ப போச்சு?"

"ஒங்களுக்கு எதுக்கு அது?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறே நீ."

"ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன். ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல."

நான் குரலை உயர்த்தவில்லை. நாளையிலிருந்து வண்டியை எடுக்காதே, முதுகு வலி என்று சொல், என்ன காரணம் வேண்டுமானாலும் சொல், மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டு, இன்னொரு கண்ணுக்கும் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்றெல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவனிடம் அத்தனை நல்ல வார்த்தைகள் நான் சொன்னதில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எங்கக்காவைக் கொண்டுபோறதுக்கு ஒங்களுக்கு ஆஸ்பத்திரி தெரியல. என்னை எந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்க?"

நான் எழுந்துவிட்டேன். அவனும் எழுந்து என் பக்கம் முகத்தை முழுக்கத் திருப்பினான், இடது கண் என்மேல் படும்படி. "இது வெளிய போச்சுன்னா மண்டபத்துல தாய்மாமன் எடம் காலியாத்தான் கெடக்கும். ஒங்க பொண்ணுகிட்ட நீங்களே காரணம் சொல்லிக்கங்க."

உள்ளேயிருந்து மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் போய் உட்கார்ந்தோம். அன்று வாசலுக்குத் தட்டை எடுத்துப் போகாமல் அவன் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். மகள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மாமாவும் நானும் வெளியே ஏதோ பேசிச் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வரும் வழியில் கீரனூர் தாண்டும்வரை கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவளை இறக்கிவிட்டு, பால் வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டு வேன்காரர் வீட்டுக்குப் போனேன். பள்ளிகளுக்கு வேன்களை ஒப்பந்தத்துக்கு விடுகிறவர் அவர், புதுக்கோட்டையில்தான் இருக்கிறார். பணியில் இருந்த காலத்திலிருந்தே தெரியும். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிற ஆளாயிற்றே என்றார். உங்கள் இருவருக்கும் ஆகாது என்று ஊருக்கே தெரியுமே என்றும் சொன்னார். அது எனக்கு அடி மாதிரி இருந்தது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், நாளைக் காலை அவன் வலது கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பாருங்கள், இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆட்டுங்கள் என்றேன். அவர் எழுந்து போனை எடுத்தார்.

மறுநாள் அந்த வேனை வேறு டிரைவர் ஓட்டினார்.

அந்த வாரமே அவன் வீட்டார் அவனை மதுரைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, வலது கண்ணின் நரம்பு முழுக்கச் செத்துப்போயிருந்தது. வலி இல்லாமல் வருகிற நோயாம். இடது கண்ணிலும் ஓரங்கள் இருள ஆரம்பித்திருந்தன. அவன் கவனித்தானோ இல்லையோ, யாரிடமும் சொல்லவில்லை. இனி தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்களாம். இதையெல்லாம் அவன் மனைவி என் மகளுக்குப் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் மனைவி எனக்கும் ஒருமுறை போன் செய்தாள். அண்ணே என்றுதான் ஆரம்பித்தாள். அவர் காலையில் எழுந்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், வேன் அந்த வழியாகப் போகும்போது எழுந்து உள்ளே வந்துவிடுகிறார் என்றாள். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கை காட்டுகிறார்களாம். "ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்குறேண்ணே. எங்கிட்ட சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா? ஊரான்கிட்டப் போயித்தான் சொல்லணுமா?" என்று கேட்டாள். அவளால் நிறுத்தியிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மகள் என்னைக் கேட்டது வேறு. கோயம்புத்தூருக்குக் கிளம்பும் நாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மாமா அன்னைக்குக் காரியத்துல சொன்னதுக்குப் பதிலாத்தானப்பா இதைச் செஞ்சீங்க?" என்றாள்.

இல்லை என்றேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றேன். அந்த வேனில் உன் பிள்ளை இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "செஞ்சது தப்புன்னு நான் சொல்லலையே" என்றாள். "சந்தோஷமாச் செஞ்சீங்களான்னுதான் கேக்குறேன்." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பங்காளி ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மகள் அறைக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மேளக்காரர்கள் வாசல் பக்கம் ஓடினார்கள். சீர் தட்டுகளோடு அவன் சொந்தங்கள் வந்தார்கள். வேட்டி சட்டையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மனைவியின் தோளில் ஒரு கையை வைத்தபடி நடுவில் அவன் வந்தான்.

எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். மாலை போட்டான், நெற்றியில் பட்டம் கட்டினான். மகள் அவன் காலில் விழுந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் தூக்கினான். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். சந்தனக் கிண்ணத்தை அவனிடம் நீட்ட வேண்டியது என் முறை. நீட்டினேன். அவன் அதிலிருந்து சந்தனம் எடுக்காமல், மனைவியிடமிருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்தான். சனம் பார்த்தது. தாலி கட்டியதும் மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினான். பந்திக்குப் போய்க் கை நனைக்கவில்லை. தாய்மாமன் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டு உறவை அறுத்துக்கொண்டான் என்று அர்த்தம், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனும் அதற்காகத்தான் அப்படிப் போனான்.

பிறகு மகள் மட்டும் அவனைப் போய்ப் பார்த்து வருகிறாள். மதுரைக்குக்கூட ஒருமுறை அவள்தான் அழைத்துப்போனாள். இடது கண் இருக்கிற நிலையிலேயே நிற்கிறது, கீழே போகவில்லை என்று வந்து சொன்னாள். நல்லது என்றேன். என்னால்தான் அது நிற்கிறது என்று அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று அவளிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். அவன் ஒரு மஞ்சள் பையோடு கூட்டத்துக்குள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அவனுடைய வலப்பக்கத்தில் நான் இருந்தேன். அவன் திரும்பவில்லை. பஸ்களின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கக் கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டிப் பார்த்தான். முடியவில்லை. பக்கத்தில் ஆள் நிற்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே, குன்றாண்டார்கோவில் பஸ் வந்துருச்சுங்களா?" என்றான், முன்னால் பார்த்தபடியே.

"இன்னும் வரல. அங்கிட்டு ரெண்டாவதா வந்து நிக்கும்" என்றேன்.

என் குரல் கேட்டதும் அவன் முகத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நாலு எட்டுத் தள்ளி நின்ற பூக்காரம்மாவிடம் போய், குன்றாண்டார்கோவில் பஸ் வந்துவிட்டதா என்று கேட்டான்.